ஓடைக்கரைப் பூங்காவில் புதர்கள் தப்பின

அன்பு மகள் அந்தூலாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம், டொரன்டோ குளிரில் உன்னையும் மாப்பிள்ளையையும் தேவமாதா நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, ஆனால் மனசு லேசாகிவிட்டது, எனக்கும்தான். பக்கத்து வீட்டு மெர்வோடு மறுபடி பேச்சு வந்துவிட்டது.

போன குளிர்காலத்தில் மெர்வின் மகள் பிரைடி ஆஸ்பத்திரி வேலை முடிந்து பூங்கா வழியாக வந்தபோது எவனோ புதருக்குள்ளிருந்து பாய்ந்து அவள் பையைப் பிடித்து இழுத்தான் என்று போனில் சொன்னேன் அல்லவா. ஓடித் தப்பி வந்தேன் என்றாள், ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை, மெர்வ்தான் தினமும் டிராம் நிறுத்தத்தில் காரோடு நிற்பார். பெரிய மரமும் புல்லும் போதும், நடுவில் உள்ள புதரை எல்லாம் வெட்டுங்கள் என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார். உன் அப்பா பிடிவாதம் தெரியாதா, நீலச் சிட்டு கூடு கட்டுவதே அதில்தான், போட மாட்டேன் என்றுவிட்டார். என் பொண்ணைவிடக் குருவி பெருசாப் போச்சாடா தனாசி என்று மெர்வ் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினார், அன்றோடு சரி. நான் திராட்சை இலையில் சோற்றைச் சுருட்டி டோல்மாதெஸ் செய்தால்கூட அந்த வீட்டுக்குத் தட்டு போகவில்லை.

நகராட்சி பூங்கா ஓடையின் ஒரு கரையில் புதரை வெட்டி மொட்டையடித்துவிட்டது. மறுகரையைத் தொடுமுன் அங்கே என்னென்ன செடி இருக்கிறது என்று பார்க்க நைரி என்ற பெண்ணை அனுப்பினார்கள், உதவிக்கு ஊர்க்காரர்களும் வரலாம் என்றார்கள். அப்பா போனார். தில்லுமுல்லு நடக்கக்கூடாதே என்று மெர்வும் போனார், நானும் பிரைடியும் வேடிக்கை பார்க்கப் போனோம். கயிற்றால் சதுரம் போட்டு உள்ளே இருப்பதை எண்ண வேண்டும், அந்தப் பெண் ஒன்றும் தெரியாமல் ஒரே கயிற்றின் இரு முனையை இவர்கள் இருவர் கையிலும் கொடுத்துவிட்டாள்! உன் புருஷனை இழுத்துப் பிடிக்கச் சொல்லு ஸ்தமாத்தியா என்று மெர்வ் என்னிடம் சொல்ல, அவருக்குத்தான் கை நடுங்குதுன்னு சொல்லு என்று அப்பா என்னிடம் சொல்ல, நான் நடுவில் நின்று விழித்தேன். மொட்டைக் கரையில் எங்கே கயிறு போட்டாலும் அருகம்புல்தான். மறுகரையில் காலடியில் சருகு, அதில் குட்டி லில்லி, பிறகு முழங்கால் உயரப் புல், அதற்கு மேல் மஞ்சள் பூ பூக்கும் வாட்டில் புதர், அதன் நிழலில் தைலமரக் கன்றுகள், தலைக்கு மேல் கிழட்டு மரங்கள் என்று மாடி மேல் மாடியாக இருந்தது. புதரை எடுத்தா இந்தக் கன்றுங்களும் போயிடும், பெரிய மரம் விழுற அன்னைக்கு அந்த இடத்துக்கு எதுவும் வராது என்றாள் நைரி. செடி எத்தனை இருந்தா எனக்கென்னம்மா, என் பொண்ணு பயமில்லாம நடக்கணும் என்றார் மெர்வ். அதுவும் நியாயம்தானே.

அப்போதுதான் பிரைடி வாயைத் திறந்தாள். அப்பா, அன்னைக்கு நான் ஓடித் தப்பிக்கல, அந்த வாட்டிலுக்குள்ளதான் பூந்து உட்கார்ந்திருந்தேன், அவன் பக்கத்துல நின்னு தேடினான், கண்ணுல படல, சொன்னா நீ இன்னும் பயப்படுவேன்னு சொல்லல என்றாள். மொட்டைக் கரையைக் காட்டி, அங்க எனக்கு ஒளியக்கூட இடமில்ல, பாதை வளைவுல எதிரே யார் வர்றாங்கன்னு தெரிஞ்சாப் போதும்ப்பா என்றாள். மெர்வ் கயிற்றோடு ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அப்பா தன் முனையைப் போட்டுவிட்டுப் போய், அந்த முழங்காலோடு, அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர்களை எழுப்ப நாங்கள் பட்ட பாடு தனிக்கதை.

எல்லோரும் சேர்ந்து கேட்டதும் நகராட்சி ஒத்துக்கொண்டது. பாதை ஓரத்தில் தாழ்ந்த செடி மட்டும், உயரமான புதர் தள்ளி உள்ளே, வளைவில் விளக்கு. மொட்டைக் கரையில் திரும்ப நடுகிறார்கள், மெர்வ்தான் குழி தோண்டுகிறார். போன வாரம் பிரைடி முதல் தடவையாகப் பூங்கா வழியாக நடந்து வந்தாள். மெர்வ் வாசலில், அப்பா செடிக்குத் தண்ணீர் விடுகிற பாவனையில். ஆப்பிளைக் கடித்துக்கொண்டே வந்தவள், என்ன ரெண்டு பேரும் வாட்ச்மேன் வேலைக்குச் சேர்ந்துட்டீங்களா என்றாள். மெர்வ் சட்டென்று உள்ளே போய்விட்டார், கண்ணைத் துடைக்கத்தான்.

ஸ்கார்ஃப் இல்லாமல் வெளியே போகாதே, பிரைடிக்கு ஒரு போன் போடு, உன்னைக் கேட்டாள். எல்லா நலமும் உங்களுக்குச் சேரட்டும். நீ வேலை விட்டு வருகிற வழி எப்படி இருக்கும் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை, மறக்காமல் எழுது கண்ணு.

உன் அம்மா,
ஸ்தமாத்தியா