உல்டாப்பேட்டையில் எங்கள் ஏசல் நாள்

ஜூன் 8, ஞாயிறு

அந்தப் பொம்மைப் பெண்ணின் கால் கட்டைவிரல் மட்டும் தரையில் பட்டுக்கொண்டிருந்தது. அதைத்தான் முதலில் பார்த்தேன். கவிழ்த்துப் போட்ட உரல் மேல் உட்கார்ந்தால் பாதம் முழுசாகத் தரைக்கு எட்டாது. கட்டைவிரலை ஊன்றித்தான் விழாமல் இருக்க வேண்டும். இதை நான் அவர்களுக்கு எழுதவில்லை. உரல் என்று மட்டும்தான் எழுதினேன். வரைந்தவருக்கு எப்படித் தெரிந்தது?

'உல்டாப்பேட்டை' ஞாயிறுதோறும் யூடியூபில் வருகிற கார்ட்டூன். ஒரு பேட்டை, ஒரு குடும்பம், வாரம் ஒரு கூத்து. அம்மாவின் போனைச் சொம்பில் சாய்த்து வைத்து அம்மா, தங்கச்சி பாரதி, நான் மூன்று பேரும் பார்ப்போம். இன்றைக்கு வந்தது எங்கள் ஊர் ஏசல் நாள். ஊர் பெயர் மட்டும் இல்லை. மற்றதெல்லாம் இருந்தது. உரல், உமி, வரிசையில் வந்து திட்டுகிற சனம்.

அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ, அந்தத் தலைவரு மீசைய பாரு! அப்டியே உங்க தொரசாமி பெரியப்பா!"

பாரதி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 9, திங்கள்

எழுதி அனுப்பினது நான்தான். இங்கே மட்டும்தான் சொல்ல முடியும்.

ஜூன் 12, வியாழன்

ஜஹீருன்னிசா அக்கா ஆம்பூரிலிருந்து ஸ்கூட்டியில் புது மூட்டை கொண்டுவந்தார். ஷூவின் மேல்பாகம், அப்பர் என்போம். கம்பெனியில் வெட்டித் துளை போட்டு அனுப்புவார்கள். வீட்டிலேயே உட்கார்ந்து கையால் தைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடம் நின்றதிலிருந்து எனக்கு இதுதான் வேலை. யாரிடமும் பேச வேண்டியதில்லை.

"அந்தக் கார்ட்டூன் பாத்தியாம்மா?" என்று அக்கா கேட்டார். "எங்க பையன் ஒவைஸ் கட்டில்லருந்து கீழ விழுந்துட்டான் சிரிச்சி சிரிச்சி. நெஜமா எந்த ஊர்லயாச்சும் இப்டி பண்ணுவாங்களா?"

தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேனா, இல்லை என்று ஆட்டினேனா, எனக்கே தெரியவில்லை.

"பேஜாரு புடிச்ச ஊரா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவரிடம் சொல்லாததை இங்கே எழுதி வைக்கிறேன். ரொம்ப காலத்துக்கு முன்னால் ஊரில் காலரா வந்ததாம். ஒரு பெண்ணை உரல் மேல் உட்கார வைத்து ஊரே ஏசியதாம். நோய் எல்லாம் அவள் மேல் இறங்கி ஊர் பிழைத்ததாம். அதிலிருந்து ஒவ்வொரு ஆடி நாலாவது ஞாயிறும் ஒரு பெண். வீட்டுக்கு ஒருவர் வந்து அவள் தலையில் ஒரு கை உமியைப் போட்டு ஒரு வசவு சொல்ல வேண்டும். அவள் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் பலன் போய்விடுமாம். அதனால் எதிர்த்துப் பேசாத பெண்ணாகப் பார்த்து எடுப்பார்கள்.

மூன்று வருசத்துக்கு முன்னால் என்னை எடுத்தார்கள். ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். "கல்லு மாதிரி உக்காந்தா, நல்ல பொண்ணு" என்று பாராட்டினார்கள். மறுநாள் வகுப்பில் என் பெஞ்சு மேல் அதே வசவுகளைச் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தார்கள். அழித்துவிட்டு உட்கார்ந்தேன். அடுத்த நாளும் இருந்தது. ஒரு மாதம் அழித்தேன். பிறகு போகவில்லை. போ என்று யாரும் சொல்லவும் இல்லை.

உல்டாப்பேட்டைக்காரர்கள் "உங்க ஊரு கூத்த எழுதி அனுப்புங்க, படமா போடறோம்" என்று கேட்டார்கள். அம்மா குளிக்கப் போன நேரத்தில் அவள் போனில் எழுதினேன். ஊர் பெயர் போடவில்லை. ஆம்பூர் பக்கம் என்று மட்டும். வெளியூர்க்காரர்கள் பார்த்துச் சிரித்தால் எங்கள் ஊருக்கு வெட்கம் வரும் என்று நினைத்தேன். அதற்கப்புறம் விட்டுவிடுவார்கள், பாரதிக்கு வராது என்று. கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். அன்றைக்கு உரல் மேல் என் நாக்கு நுனி வரை வந்து நின்றுவிட்ட வரி.

'நான் உங்கள இன்னா பண்ணேன்?'

கார்ட்டூனில் அந்தப் பெண் தலையை நிமிர்த்தி அதைச் சொல்கிறாள். ஊர் வாயடைத்துப் போகிறது. ஒவ்வொருவராக உமியைக் கீழே கொட்டிவிட்டு நழுவுகிறார்கள். ஒரு கழுதை மட்டும் மிச்சம். அது வந்து அவள் தலையிலிருக்கிற உமியைத் தின்கிறது.

அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

பால் வாங்க நவநீதன் அண்ணன் டீக்கடைக்குப் போனேன். கடை டிவியில் அந்த எபிசோடு ஓடிக்கொண்டிருந்தது. உட்கார இடமில்லாமல் ஆட்கள். நடுவில் துரைசாமி பெரியப்பா, ஊர் நாட்டாமை. இதோ, இப்போது கோபப்படுவார், இல்லாவிட்டால் தலை குனிவார் என்று ஓரமாக நின்றேன்.

"நம்ம ஊருதான்யா இது!" என்று தொடையைத் தட்டினார். "எவனோ வந்து பாத்துட்டுப் போயி போட்டுருக்கான்!"

"மீசையும் உங்களுதுதான் பெரியப்பா."

"மீச கொஞ்சம் ஜாஸ்தி போட்டுட்டான்."

"கழுதையும் நீங்கதான்னு பேசிக்கிறாங்க."

"போடா டேய், அது உங்க மாமன்!"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். படம் முடிந்ததும் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு வருத்தமாகச் சொன்னார்: "ஊரு பேர போடாம வுட்டுட்டான் பாரு. அது ஒண்ணுதான் கொற."

பாலை வாங்க மறந்து வந்துவிட்டேன்.

ஜூலை 2, புதன்

கோலி விளையாடுகிற பிள்ளைகள் சொல்கிறார்கள். பைக்கில் போகிறவர்கள் சொல்கிறார்கள். அம்மா வேலை பார்க்கிற ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர் திட்டியதற்கு அவள் சொன்னாளாம், கூட வேலை செய்கிற வரிசையே சிரித்ததாம், சூப்பர்வைசரும். "நான் உங்கள இன்னா பண்ணேன்?" என் வரி. இப்போது காதில் விழுந்தால் எனக்கே சிரிப்பு மாதிரி ஏதோ வருகிறது.

ஜூலை 20, ஞாயிறு

ஊர்க் கூட்டத்திலிருந்து அம்மா வந்தாள். வந்ததும் தண்ணீர் குடித்தாள். பாத்திரம் கழுவ உட்கார்ந்தாள். கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

"இன்னாம்மா ஆச்சி?" என்று பாரதி கேட்டாள்.

"இந்த வருசம் வாயில்லாத பொண்ணு வேணாம்னுட்டாங்க. வெளியூரு சனம் நெறைய வருதாம், வேலூர்லருந்துகூட. கடைசில அந்தப் பொம்மப் பொண்ணு சொல்லுதே, அந்த வார்த்தைய சத்தமா சொல்ற பொண்ணா வேணுமாம்."

"பேசனா பலன் போய்டும்னு சொன்னாங்களே?"

"கடைசில சொன்னா ஒண்ணும் ஆவாதாம்."

யார் என்று நான் கேட்கவில்லை. அம்மா பாரதியைப் பார்க்கவும் இல்லை, அதிலேயே தெரிந்துவிட்டது.

மூன்று வருசமாக ஒன்றுதான் செய்துவந்தேன். பாரதியைப் பேச வைத்தேன். டீச்சர் கேட்டால் பதில் சொல், கடையில் மீதியைக் கேட்டு வாங்கு, எவனாவது கிண்டல் பண்ணினால் திருப்பிக் கொடு என்று. அவளுக்கு வாய் இருந்தால் உரலுக்குத் தப்புவாள் என்று. இப்போது அந்த வாய்க்காகவே எடுத்திருக்கிறார்கள். அதுவும் நான் எழுதிக் கொடுத்த வரிக்காக.

"வேணாம்னு சொல்லிடும்மா" என்றேன்.

"வீடு கோயில் எடத்துல இருக்குது. உங்கப்பனும் இல்ல. யார நம்பிடி வேணாம்னு சொல்லட்டும்?" அம்மா குரலை இறக்கினாள். "நீ உக்காந்த வருசம் ஊர்ல ஒரு கெட்டது நடக்கல, தெரியுமா?"

என்னை அவள் எந்த ஊரில் சேர்த்திருக்கிறாள்?

ஜூலை 22, செவ்வாய்

துரைசாமி பெரியப்பா வீட்டுக்குப் போனேன். என்னை மறுபடி உட்கார வையுங்கள், அவளை விட்டுவிடுங்கள் என்று சொல்வதற்காக. வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தபடி போனேன். அவர் வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "இன்னாம்மா?" என்றார். அன்பாகத்தான் கேட்டார். நான் நின்றேன். "தண்ணி வேணுமா?" என்றார். தலையாட்டினேன். உள்ளேயிருந்து சொம்பில் கொண்டுவரச் சொன்னார். குடித்தேன். வந்துவிட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

உல்டாப்பேட்டைக்காரர்களுக்கு மறுபடி எழுதினேன். அது என் ஊர், உரல் மேல் உட்கார்ந்தது நான், இந்த வருசம் என் தங்கச்சி, தயவுசெய்து அந்த எபிசோடை எடுத்துவிடுங்கள் என்று. மத்தியானம் பதில் வந்தது. சிவப்பு இதயம் ஒன்று. கீழே: 'நம்ம ஷோவோட அதிக வியூஸ் போன எபிசோடு இதுதான் தோழி! உங்க சப்போர்ட்டுக்கு நன்றி!'

அம்மா பார்ப்பதற்குள் இரண்டையும் அழித்தேன்.

ஆகஸ்ட் 9, சனி

பாரதிக்குப் பயமில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கண்ணாடி முன்னால் முக்காலி மேல் உட்கார்ந்து பழகுகிறாள். முதலில் குனிந்திருக்கிறாள். பிறகு மெதுவாக நிமிர்கிறாள், அந்தப் பொம்மைப் பெண் மாதிரியே.

"அத்தன பேரும் கப்சிப் ஆய்டுவானுங்க பாருக்கா. ஒருத்தன் மூஞ்சில ஈயாடாது. உனக்கும் சேத்து நான் கேக்கறேன்."

அப்படி நடக்காது என்று சொல்லியிருக்க வேண்டும். அது படம், படத்தில் ஊரையும் அவர்களே வரைகிறார்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்தேன்.

"கொஞ்சம் மெதுவா சொல்லு" என்றேன். "அப்பதான் எல்லாருக்கும் கேக்கும்."

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பாரதியின் காதுக்குள்ளெல்லாம் உமி. எத்தனை குடம் ஊற்றினாலும் போகவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இரண்டு நாளாக எழுத வரவில்லை. எழுதிவிட வேண்டும்.

மைக் செட் வைத்திருந்தார்கள். இது வரைக்கும் வைத்ததில்லை. மரத்து மேல், மதில் மேல், டிராக்டர் மேல் ஆட்கள். எல்லார் கையிலும் போன். வெளியூரிலிருந்து வந்தவர்களும் வரிசையில் நின்று உமி வாங்கினார்கள். அவர்களுக்கு பாரதி யார் என்றே தெரியாது. தெரியாமலே திட்டினார்கள். அப்பா ஓடிப்போனதை, அவள் நிறத்தை, அம்மா கம்பெனி வேனில் போவதை ஊர்க்காரர்கள் சொன்னார்கள். வெளியூர்க்காரர்கள் அதையே திருப்பிச் சொன்னார்கள்.

எங்கள் வீட்டுக்கும் ஒரு முறை உண்டு. அம்மா போனாள். உமியைப் போட்டாள். வாயை அசைத்தாள். என்ன சொன்னாள் என்று மைக்கில்கூட விழவில்லை.

கடைசியில் துரைசாமி பெரியப்பா கையைத் தூக்கினார். அமைதி. பாரதி நிமிர்ந்தாள். நான் சொன்ன மாதிரியே மெதுவாக ஆரம்பித்தாள். "நான் உங்கள—"

அவ்வளவுதான். மிச்சத்தை மொத்தக் கூட்டமும் சேர்ந்து கத்தியது. "இன்னா பண்ணேன்!" விசில். கைதட்டல். "ஒன்ஸ் மோர்!" என்று டிராக்டர் மேலிருந்து ஒருவன்.

அவள் கூட்டத்தைப் பார்த்தாள். புரியாமல் பார்த்தாள். பேசினால் நிறுத்துவார்கள் என்றுதானே சொல்லி வளர்த்தேன்? ஒருவேளை காதில் விழவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, இன்னும் சத்தமாகச் சொன்னாள். இன்னும் சத்தமாகக் கூடவே கத்தினார்கள். பிறகு ஒரு தடவை அழுதுகொண்டே சொன்னாள். அதற்குத்தான் கைதட்டல் ஜாஸ்தி.

நான் எங்கே இருந்தேன்? முன்வரிசையில். முடிந்ததும் அவளைக் குளிப்பாட்டச் சேலையால் மறைப்புக் கட்டின இடத்துக்குப் பக்கத்தில், தண்ணீர்க் குடத்தோடு. ஒரு வார்த்தை— யாராவது நிறுத்துங்கள் என்று ஒரே ஒரு வார்த்தை. குடத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வருசா வருசம் இப்டியே பண்ணிடலாம்யா" என்று துரைசாமி பெரியப்பா மைக்கை அணைக்காமலே யாரிடமோ சொன்னார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

பள்ளிக்கூடம் போகப் பாரதிக்கு ரெட்டைச் சடை போட்டு விட்டேன். பையை நான் தூக்கிக்கொண்டேன். பஸ் நிறுத்தம் வரை நன்றாகத்தான் வந்தாள். பஸ் நின்றது. ஜன்னலோரம் இருந்த ஒரு பையன் "நான் உங்கள" என்றான். உள்ளே இருந்தவர்கள் முடித்து வைத்தார்கள். சிரித்த முகம் எல்லாம், கெட்ட முகம் ஒன்றுகூட இல்லை. கண்டக்டர்கூடச் சிரித்தார். "ஏறும்மா ஸ்டாரு, டைம் ஆவுது" என்றார்.

பாரதி ஏறவில்லை. நான் தள்ளி ஏற்றியிருக்கலாம். கூடவே நானும் ஏறியிருக்கலாம். பஸ் போனதும் இருவரும் வந்த வழியே நடந்தோம்.

"நாளைக்கிப் போலாம்" என்றேன்.

"ம்."

ஆகஸ்ட் 24, ஞாயிறு

புது எபிசோடு வந்திருக்கிறது, வாங்க என்று அம்மா கூப்பிட்டாள். நாங்கள் போகவில்லை. கொஞ்ச நேரம் தனியாகச் சிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

பாரதி இன்றைக்கு மொத்தம் பேசியது: "பசிக்கல."

செப்டம்பர் 3, புதன்

ஜஹீருன்னிசா அக்கா மூட்டையை இறக்கினார். வழக்கத்தைவிடப் பெரிய மூட்டை. மூலையில் பாரதி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "ஸ்கூல் லீவாம்மா இன்னிக்கி?" என்றார். அக்கா என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அன்றைக்கு போனில் எடுத்த வீடியோவை அவரும் பார்த்திருப்பார். கார்ட்டூன் பற்றிக் கேட்கவில்லை. ஸ்கூட்டியை வெகுநேரம் கிளப்பாமல் நின்றுவிட்டுத்தான் போனார்.

மூட்டையை அவிழ்த்தேன். இந்தத் தடவை பழுப்பு நிறம், சின்னப் பிள்ளைகள் சைஸ். பாரதி எழுந்து வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்தாள். ஒரு ஜோடியை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"எந்த ஓட்டையிலருந்துக்கா ஆரம்பிக்கணும்?"

போன வாரம் முழுக்கப் பேசியதைவிட நீளமான பேச்சு.

வெளிச்சம் அவளுக்கு விழட்டும் என்று கதவோரத்திலிருந்து சுவர்ப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். ஊசியில் நூலைக் கோர்த்து அவளிடம் கொடுத்தேன்.