சீலுக்கு எதற்குக் கட்டணம்

1968, ஆடி 12, சனிக்கிழமை.

பட்டுக் கடை முதலாளி இன்று ஒரு பவர் பத்திரத்தோடு என் ஆபீசுக்கு வந்தார். ஓரிக்கையில் இருக்கும் தங்கை, தன் நிலத்தை விற்க அவருக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறாளாம். அடியில் கைநாட்டு.

"அவ படுத்த படுக்கையா கீறா. நீ சீல் மட்டும் போடுபா" என்றார்.

நானே போய்ப் பார்க்கிறேன், கட்டணம் ஐந்து ரூபாய் என்றேன்.

"ஒரு சீலுக்கு அஞ்சு ரூபாயா? சர்க்கார் உனுக்கு சம்பளம் தரல?"

நோட்டரிக்கு எந்தச் சர்க்கார் சம்பளம் தருகிறது? ஆளைப் பார்த்து விசாரிப்பதற்கும், நாளை கோர்ட்டில் அதற்குப் பதில் சொல்வதற்கும்தான் கட்டணம். ஜரிகையை உரசிப் பார்த்து வாங்குகிற மனுஷனுக்கு இது புரியாதாம். பார்க்காமல் போட்டால் ஐம்பது தருவாராம். அற்பப் பிறவி. வெளியே போகச் சொன்னேன்.

சாயங்காலம் சைக்கிளில் ஓரிக்கை போனேன். அந்த அம்மாள் வாசலில் நின்று வேர்க்கடலை உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"கைநாட்டா? நான் அஞ்சாவது படிச்சவ சார். கையெழுத்து போடுவேன்" என்றாள்.

அந்த ஆளை நினைத்தாலே காறித் துப்பத் தோன்றுகிறது. ஆனால் போன வருஷம் அவர் தம்பியின் கைநாட்டு என்று ஒரு தாள் கொண்டுவந்தார். தம்பியை நான் பார்க்கவில்லை. சீல் போட்டேன். கட்டணத்தை மட்டும் சரியாக வாங்கிக்கொண்டேன்.