முதல் பேட்டரி மட்டும் ஏன் செத்தது

திங்கட்கிழமை காலை சமையற்கட்டில் அழுகிய முட்டை நாற்றம். முட்டை இல்லை, பேட்டரி. மூன்றில் முதலாவதைத் தொட்டேன், சுட்டது. உங்கள் ஞாபகம் வந்தது. கூடவே கோபமும் வந்தது.

ஓய்வு பெற்றவர்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று எஸ்டேட் ஆபீஸ் நம் மின்சாரத்தை வெட்டிய அன்று, "கரண்ட வெட்டுனவன் வெயிலயும் வெட்டுவானா, பாத்துருவோம்லா" என்றீர்கள். கூரையில் சோலார் தகடு ஏறியது. காய்கறி லோரிகளில் கழற்றிய மூன்று பேட்டரிகளை, பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் என்று இணைத்தீர்கள். விளக்கு எரிந்ததும் அழுதுவிட்டேன். முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து பறித்த எனக்கு இதை விட்டால் வேறு வீடு கிடையாது.

ஆனால் ஒவ்வொரு முறையும் முதல் பேட்டரிதான் செத்தது. நீங்கள் கடைக்காரனைத் திட்டிவிட்டு இன்னொன்று வாங்கி வருவீர்கள்.

"ஏங்க, வீட்டுக்குப் போற ரெண்டு வயரும் மொத பேட்டரியிலயே மாட்டியிருக்கே, அதுக்கு மட்டும் வேலை ஜாஸ்தி இல்லயா?"

"நீ சட்டியப் பாரு புள்ள. வயர நான் பாத்துக்கறேன்."

நீங்கள் கண்ணை மூடி ஒரு வருடம் ஆகிறது. இப்போது இரண்டையும் நானே பார்க்கிறேன்.

பேட்டரி செத்த சேதி எட்டி, அன்று மதியமே எஸ்டேட் ஆபீஸ் குமாஸ்தா, அந்தக் கிராணி வந்தார். "லைட்டு இல்லாம தனியா எப்படிம்மா இருப்பீங்க? வெள்ளிக்கிழம சாயங்காலம் வரேன், சாவியக் குடுத்துருங்க."

அவர் போனதும் கெட்டதைக் கழற்றி வீசினேன். கியா பார்ம் காய்கறிச் சந்தை லோரிக்காரரிடம் அதே மாதிரி பழையது ஒன்று கேட்டு வாங்கினேன். உங்களைப் போல வந்த கையோடு மாட்டவில்லை. பனி விலகிய பிறகு, ஒரு நாளைக்கு ஒன்றாக, மூன்றையும் தனித்தனியே முழுதாகச் சார்ஜ் ஏற்றினேன். அதுவரை மெழுகுவர்த்திதான். இன்று காலை உங்கள் வோல்ட் மீட்டர் மூன்றிலும் ஒரே எண்ணைக் காட்டியது. அதன் பிறகே இணைத்தேன். வீட்டுக்கு வரும் பிளஸ் வயரை முதலாவதில் மாட்டினேன், மைனஸ் வயரை மூன்றாவதில். இப்படிக் குறுக்கே மாட்டினால் எந்தப் பேட்டரிக்கும் வயர் தூரம் ஒன்றுதான், இனி சுமை மூன்றுக்கும் சமம்.

சாயங்காலம் கிராணி வந்தபோது எல்லா விளக்கும் எரிந்தது, வாசல் விளக்கு உட்பட.

"சாவிம்மா?"

"வீட்ல ஆள் இருக்கு தம்பி. சாவி எங்கிட்டதான் இருக்கும்."

நீங்கள் மாட்டிய வயர் தப்பு. அதை மாற்றிவிட்டேன். உங்கள் பிடிவாதத்தில் தப்பில்லை, அதை மட்டும் அப்படியே வைத்திருக்கிறேன். அடுத்த மாதமும் வரட்டும் அந்தக் கிராணி.