மங்களத்துக்கு விட்ட பக்கம்

8.3.1987, ஞாயிறு

புதிதாக வாங்கிய கீபோர்டை மேசையில் வைத்து வாசித்துப் பார்த்தேன். சத்தமே இல்லை. அம்மா எட்டிப் பார்த்து, "நல்லா ஏமாந்துட்டு வந்தியாடா?" என்றாள். இல்லையம்மா, இது இப்படித்தான் என்றால் நம்பவா போகிறாள்? ஈப்போவில் ரேடியோக் கடை வைத்திருக்கும் ஷரபுதீன் பாய் விற்கும்போதே சொல்லிவிட்டார்: "இது ஊமை தம்பி. எந்தக் கட்டைய அமுக்குனேன்னு கம்பி வழியா கம்ப்யூட்டருக்குச் சொல்லும், அவ்வளவுதான்லா. சத்தம் போடுறது டிஸ்குல இருக்கிற புரோகிராம்." அந்தக் கம்பி வர ஒரு வாரம் ஆகுமாம். அதுவரை ஊமையில் விரல் பழகுகிறேன்.

15.3.1987, ஞாயிறு

கம்பி வந்தது. பாயிடமே வாங்கிய பழைய கம்ப்யூட்டரில் மாட்டினேன். சத்தமும் வந்தது! திரையில் புல்லாங்குழல் என்று போட்டிருக்கிறது, கேட்டால் சைக்கிளுக்குக் காற்றடிப்பது போலிருக்கிறது. ஒரே நேரத்தில் மூன்று சுரம்தான் ஒலிக்கும். நான்காவது விரலை வைத்தால் முதல் சுரம் செத்துப்போகிறது. அதுவும் அழுத்தினதும் ஒலிப்பதில்லை, கண் சிமிட்டும் நேரம் தாமதம். தாளத்துக்குக் கொஞ்சம் முந்தி அழுத்த வேண்டும்.

எதற்கு இத்தனை பாடு? எழுதிவிடுகிறேன், இங்கே யார் படிக்கப்போகிறார்கள். மங்களத்துக்காக. ராமையா அண்ணே குழுவில் நான்கு வருஷம் நான் ஆர்மோனியம், அவள் பாட்டு. நர்ஸ் படிப்புக்கு இங்கிலாந்து கிளம்பிய அன்று, ஈப்போ ஸ்டேஷனில் ஒரு தாளைக் கையில் திணித்தாள். அவளே எழுதிய பாட்டு. "மெட்டுப் போட்டு கேஸட்ல அனுப்புங்க. நான் பாடி அனுப்புறேன்."

எட்டு மாதமாயிற்று. அவளைப் பிடிக்கும் என்று நான் வாய்திறந்து சொன்னதே இல்லை. மெட்டு சொல்லட்டும்.

2.4.1987

ஜெலாப்பாங் ஃபேக்டரியில் சாலிடர் வைக்கும்போதும் மெட்டுதான். "அர்ச்சுனன், என்ன, மிம்பியா?" என்று சூப்பர்வைசர் தோளைத் தட்டினார். ஆமாம், கனவுதான்.

26.4.1987, ஞாயிறு

முடிந்தது! அவளுடைய ஐந்தரைக் கட்டைச் சுருதியிலேயே வைத்தேன். பதினேழாவது தடவைதான் பிசகாமல் வந்தது. ஒரு பக்கம் இசை. மறுபக்கம் காலி, அவள் பாடுவதற்கு.

பதிந்து முடித்ததும் கேஸட்டின் முதுகில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பல்லையும் உடைத்தேன். குழுவில் எங்கள் வழக்கம் அது, அதற்கப்புறம் யாரும் தவறிப்போய் மேலே பதிய முடியாது. கடிதம் நான்கு எழுதினேன். நான்கையும் கிழித்தேன். கேஸட் மட்டும் போகட்டும், அவளுக்குப் புரியும்.

30.5.1987

அவளிடமிருந்து ஓர் அட்டை. "கேட்டேன். நன்றாக இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்."

பாட்டு எங்கே?

19.7.1987

ஒன்றும் வரவில்லை. என்ன தப்பு பண்ணிட்டேன்? மெட்டு புடிக்கலையா? இல்ல — என்னையே புடிக்கலையா? புடிக்கலைன்னா ஒரு வார்த்தை எழுதினா என்ன? கீபோர்டின் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டேன்.

13.9.1987, ஞாயிறு

ஆயர் தாவாரில் நடக்கப்போகும் கல்யாணத்துக்காகப் பாட்டுகளைப் பதியச் சொல்லி ராமையா அண்ணே ஒரு கேஸட் கொடுத்திருந்தார். இன்று வாங்க வந்தவர், திருப்பிப் பார்த்துவிட்டுக் கத்தினார்: "டேய், மறுபக்கம் இன்னும் பதியவே இல்லையேடா! பக்கத்துக்கு ஒரு பல்லுதானே, ரெண்டையும் ஏன்டா ஒடச்ச?"

கேஸட்டை வாங்கிப் பார்த்தேன். ஏப்ரலிலும் இதைத்தானே செய்தேன். அய்யோ, அவ எதுல பாடுவா? பல் உடைந்த கேஸட் என்றால் குழுவில் ஒரே அர்த்தம்: முடிந்துபோனது, இனி யாரும் கை வைக்கக் கூடாது. அவளும் அந்தக் குழுவில் இருந்தவள்தானே. காலிப் பக்கத்தையும் பூட்டி அனுப்பிவிட்டு, பாட்டு வரவில்லையென்று அவள்மேல் கோபப்பட்டிருக்கிறேன். மட சாம்பிராணி! மட சாம்பிராணி!

14.9.1987

வேலைக்குப் போகவில்லை. துணியை எடுத்துவிட்டு மறுபடி வாசித்துப் பதிந்தேன். கூடவே கடிதம். தெரியாமல் பல்லை உடைத்ததை எழுதினேன். உன்னைக் கட்டிக்கொள்ள ஆசை என்றும் எழுதினேன். கிழிக்கவில்லை. பெரிய தபால் நிலையத்துக்கே போய் என் கையால் போட்டுவிட்டு வந்தேன். இப்போது சாப்பிட முடிகிறது.

21.11.1987, சனி

கேஸட் வந்தது. பாடியிருக்கிறாள்.

என் மெட்டு எங்கோ தள்ளிக் கேட்கிறது, அவள் குரல் பக்கத்தில். இரண்டாவது சரணத்தில் ஓர் இருமல், ஆனாலும் நிறுத்தவில்லை. குழுவில்கூட இவ்வளவு நன்றாக அவள் பாடி நான் கேட்டதில்லை.

பாட்டு முடிந்து, கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு பேசுகிறாள்.

"மே மாசம் பாடலாம்னு உக்காந்தேன். பதியிற பட்டன் கீழ எறங்கவே இல்ல. நீங்க முடிச்சிட்டீங்கன்னு நெனச்சேன். ரொம்ப அழுதேன். ஆகஸ்ட்ல இங்க ஒருத்தருக்குச் சரின்னு சொல்லிட்டேன். தையில கல்யாணம். உங்க கடுதாசி முன்னாடியே வந்திருந்தா... வேணாம், அதப் பேச வேணாம். மெட்டு ரொம்ப நல்லா இருக்குண்ணே."

குழுவில் மற்ற பெண்கள் எல்லோரும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள். நான்கு வருஷத்தில் மங்களம் மட்டும் ஒருதடவைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை. இன்று கூப்பிட்டுவிட்டாள்.