மலை இறங்காத ரத்தம்

விஷ்ராந்த்வாடி, புனே
ஆகஸ்ட் 19

அன்புள்ள ராகவ்,

இங்கே நானும் வைஷுவும் நலம். நீங்களும் நலம்தானே என்று வழக்கம்போல எழுத இன்று கை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் கிடைக்கும் மூன்று நிமிஷத்தையும் உங்கள் மகளே எடுத்துக்கொள்கிறாள். அவள் காதுபட இதைச் சொல்லவும் எனக்கு மனமில்லை. அதனால்தான் கடிதம்.

பதினோரு நாளாக விடாத மழை. ஆளந்தி சாலையில் வண்டிகள் பகலிலும் விளக்குப் போட்டுக்கொண்டு ஊர்கின்றன. எங்கள் ரத்தப் பரிசோதனை லேபில் ஜன்னலுக்கு வெளியே எல்லாமே கரைந்து கிடக்கிறது. மைக்ராஸ்கோப்புக்குள் மட்டும் தெளிவாக இருக்கிறது. சிவப்பணுக்கள் வெளிர் ரோஜா நிறத்தில், நடுவில் லேசாக வெளுத்து, தண்ணீரில் உதிர்ந்த இதழ்கள் மாதிரி. சில சமயம் நேரம் போவதே தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். போன மாதம் உங்கள் ஸ்லைடில் அவை இடமில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன.

நீங்கள் லடாக்குக்குத் திரும்பிப் போகுமுன் ஆபீஸ் சான்றிதழுக்காக எடுத்த ரத்தம் அது. ஹீமோகுளோபின் பதினெட்டுக்கு மேல். நம்பரைச் சொல்லாமல், ரத்தம் கெட்டியாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். "மேல காத்து கம்மி அகல்யா. அங்க எல்லாருக்கும் ரத்தம் கெட்டியாத்தான் இருக்கும்" என்றீர்கள். அது உண்மைதான். ஆனால் அப்போது நீங்கள் புனேக்கு வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது, அதற்குள் குறைந்திருக்க வேண்டும். வந்த அன்று ஆபீசுக்காகப் பார்த்ததற்கும் அன்று பார்த்ததற்கும் அதிக வித்தியாசம் இல்லை. நீங்கள் இறங்கி வந்தும் உங்கள் ரத்தம் இறங்கவில்லை.

லேபில் சுஷ்மா டாக்டரிடம் காட்டினேன். மலை ஒரு காரணமாக இருக்கலாம், அதுவே முழுக் காரணம் என்று விட்டுவிடாதே என்றார். சிவப்பணு கூடுதலாக உள்ளவர்களில் பலருக்குச் சர்க்கரை, கொழுப்பு, இடுப்புச் சுற்றளவு மூன்றும் கூடவே ஏறியிருப்பதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்களாம். எது எதனால் வருகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் ஒன்றைக் கண்டால் மற்றதையும் பார்த்துவிட வேண்டும் என்றார். உங்கள் இடுப்பு அளவு என்ன என்று கேட்டார். டேப் வைத்து அளந்ததில்லையே. முன்பெல்லாம் உங்களைக் கட்டிக்கொண்டால் முதுகுப் பக்கம் என் விரல்கள் கோத்துக்கொள்ளும். இப்போது எட்டுவதில்லை. அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

இனி எழுதப்போவதற்கு நீங்கள் கோபப்படலாம். ஊதா மூடிக் குழாயில் மிச்சமிருந்த ரத்தத்தில், உங்களைக் கேட்காமலே, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையும் கொழுப்பும் பார்த்தேன். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. கொழுப்பு கோட்டைத் தாண்டிவிட்டது. உங்கள் அப்பா நாற்பத்தாறு வயதில் மதியம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கல்யாணமான வருஷமே, "எந்த நம்பரையும் தேடாதே, எனக்குச் சொல்லாதே" என்று நீங்கள் என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டீர்கள். அந்த வாக்கை நான் மீறியது ஒரு தப்பு. மீறித் தெரிந்துகொண்ட பிறகும், மூன்று நாள் வாயைத் திறக்காமல் உங்களுக்குப் பெட்டி அடுக்கிக் கொடுத்தது அதைவிடப் பெரிய தப்பு. விமான நிலைய வாசலில் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். நீங்கள் கையசைத்தீர்கள். நானும் அசைத்தேன்.

நேற்று ஒரு கனவு. முளா ஆறு சத்தமே இல்லாமல், பாகு மாதிரி மெதுவாக ஓடுகிறது. நீங்கள் முழங்காலளவில் நடந்து வருகிறீர்கள். வந்துகொண்டே இருக்கிறீர்கள், கரை மட்டும் வரவில்லை.

அங்கே ஒரு டாக்டரைப் பாருங்கள். பார்த்தேன் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

உங்கள்
அகல்யா


லடாக்
செப்டம்பர் 7

அன்புள்ள அகல்யாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு நாள் உன் மேல் கோபமாகத்தான் இருந்தேன். சாலை வேலை நடக்கும் இடத்தில் நின்றுகொண்டு மனத்துக்குள் உன்னோடு சண்டை போட்டேன். மூன்றாம் நாள் சண்டைக்கு ஒன்றும் மிச்சமில்லை.

உனக்குத் தெரியாத ஒன்றை நானும் எழுத வேண்டும். ஜூன் மாதத்திலிருந்தே எனக்கு அடங்காத தாகம். புனேயில் இருந்தபோதும்தான். நீ தூங்கிய பிறகு எழுந்துபோய்த் தண்ணீர் குடிப்பேன். மலைக்காற்றின் வறட்சி இன்னும் உடம்பை விடவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வருகிற நவம்பரில் எனக்கு நாற்பத்தாறு. வருஷம் பிறந்ததிலிருந்து மத்தியானத்தில் நான் படுப்பதே இல்லை, கவனித்தாயா?

லே நகருக்குப் போய் டாக்டரைப் பார்த்தேன். வெறும் வயிற்றில் சர்க்கரை நூற்று முப்பத்தொன்று. மறுபடி எடுத்தார்கள், ஏறக்குறைய அதே. சர்க்கரை நோய்தான், ஆனால் ஆரம்பம், பிடித்துவிடலாம் என்றார். நம்பர் காதில் விழுந்தபோது நான் நினைத்த மாதிரி எதுவும் ஆகவில்லை. வெளியே வந்தேன். நல்ல வெயில். எதிர் மலையில் மேகத்தின் நிழல் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அது உச்சியைத் தாண்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மனசு லேசாக இருந்தது.

இந்த ரத்தத்தோடு குளிர்காலத்தை உயரத்தில் கழிக்க வேண்டாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். புனே தாபோடியில் இருக்கும் எங்கள் ஆபீசுக்கு மாற்றல் கேட்டேன், கிடைத்துவிட்டது. அக்டோபர் மூன்றாம் தேதி மதிய விமானத்தில் வருகிறேன்.

வைஷுவிடம் நீயே சொல்லிவிடு, பயமுறுத்தாமல். அவளுக்கு என் ஆசிகள். உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். என்னைப் பார்த்ததும் மன்னிப்புக் கேட்டுவிடாதே. கேட்டால் நான் அந்த வாசலிலேயே அழுதுவிடுவேன். மழையைப் பற்றியோ, பள்ளிக்கூடத்தைப் பற்றியோ, வீடு வரைக்கும் எதையாவது பேசிக்கொண்டே வா.

உன்
ராகவ்