மரியாதை தெரியாதவள்

அன்புள்ள அத்தைக்கு, மருமகள் வணங்கி எழுதுவது. நான் சுகம். உங்கள் மூட்டுவலி தேவலையா? மருந்தை இடையில் நிறுத்திவிடாதீர்கள்.

இங்கே ஒரு சின்ன விஷயம். பதறாதீர்கள், வேலை போகவில்லை. இந்த ஊர் முதியோர் இல்லத்தில் நான் பார்த்துக்கொண்ட வெள்ளைக்கார டீச்சரம்மாவின் மகள், நான் ‘ரூட்’ என்று புகார் எழுதிக் கொடுத்துவிட்டாள். பஸ் போகிற ரூட்டோ என்று முழித்தேன். மரியாதை தெரியாதவள் என்று அர்த்தமாம்.

“சாப்பிடு, உட்காருன்னு அதட்டுனியாமே?” என்று எங்கள் நர்ஸ் அக்கா கேட்டார்.

“மனசுல சாப்பிடுங்க, உட்காருங்கன்னுதானேக்கா சொன்னேன்!”

“அந்த ‘ங்க’ இங்கிலீஷுக்கு வராதுடி. ப்ளீஸ் போடணும்.”

டீச்சரம்மா ஒரு நாளும் குறை சொன்னதில்லை. என் கையால் ஊட்டினால்தான் வாயே திறப்பார். ஆனாலும் என்னைத் துணி துவைக்கும் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள்.

மன்னிப்புக் கேட்பதற்கு நாலு வரி மனப்பாடம் செய்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை அவர் அறைக்குப் போனேன். கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். முந்தின நாளே தவறிவிட்டாராம். அவருடைய போர்வை என்னிடம்தான் துவைக்க வந்தது. இரண்டு தரம் அலசினேன்.

பாப்பாவின் பாதத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்து அனுப்புங்கள், செருப்பு வாங்க வேண்டும். இன்னொன்று அத்தை. போன வாரம் போனில், “அம்மா, நீங்க எப்ப வருவீங்க?” என்று கேட்டாள். நல்ல பழக்கம்தான். இருந்தாலும், என்னை மட்டும் “நீ” என்றே கூப்பிடச் சொல்லுங்கள்.

வேலைக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மருமகள்