நூற்று நாற்பத்தெட்டு

பூந்தமல்லி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள உதய் மாமாவுக்கு,

அருள்மொழி எழுதிக்கொள்வது. எனக்கு உடம்பு பரவாயில்லை. கோவாவில் நீங்களும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் இரண்டாவது வார்த்தையிலேயே நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் பேப்பரை எடுத்தேன்.

உங்கள் டிரான்ஸ் டான்ஸ்-மியூசிக் ஆல்பத்தை ரோஹித் என் போனில் ஏற்றிக் கொடுத்தான். உங்களோடு மைக்செட் தூக்கியவன், உங்களைவிட அவனுக்குத்தான் பெருமை. "அண்ணி, ஃபாரின்காரங்கல்லாம் இதுக்கு ஆடிக்கினு கீறாங்கோ. அண்ணனாண்ட ஒரு வார்த்த சொல்லுங்க" என்றான். ஒரு வார்த்தை என்ன, ஒன்பது பாட்டையும் கேட்டுவிட்டே எழுதுகிறேன். அம்பத்தூர் கம்பெனியில் வால்வில் கீறல் தேடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். குறை சொன்னால் கோபிக்காதீர்கள்.

முதல் பாட்டு நீளம். ஏழு நிமிஷம் கழித்தும் வாசலிலேயே நிற்கிற மாதிரி இருக்கிறது. இரண்டாவதைக் கேட்டுவிட்டு உங்கள் அம்மா, "இன்னாடி இது, மாவு மிஷின் ஓடறாப்புல கீது" என்றார். மூன்றாவது தலைவலி. ஐந்தாவது பிடித்தது. கம்பெனி பஸ்ஸில் கேட்டுக்கொண்டே போனபோது என் கால் தானாகத் தாளம் போட்டது. ஐந்து மாதத்தில் அதுதான் முதல் தடவை. ஏதோ தப்பு செய்த மாதிரி இருந்தது, உடனே நிறுத்திவிட்டேன்.

ஏழாவது பாட்டு தொடங்கிய நாலாவது நொடியில் தெரிந்துவிட்டது. மேலே எத்தனை சத்தம் போட்டு மூடினாலும், என் வயிற்றுக்குள் ஓடிய ஓட்டம் எனக்குத் தெரியாதா? தினமும் வேலை முடிந்து வந்ததும் சின்ன மைக்கை என் வயிற்றில் வைத்து, ரெக்கார்டு பண்ணிக்கொண்டே, நிமிஷத்துக்கு எத்தனை துடிப்பு என்று தொடையில் விரலால் தட்டி எண்ணுவீர்கள். "நூத்தி நாப்பத்தெட்டுடி. டிரான்ஸ் ஸ்பீடு. எம் புள்ள ஆடிக்கினேதான் பொறக்கப் போவுது" என்பீர்கள். அந்த ரெக்கார்டையெல்லாம் அழித்துவிட்டதாக என்னிடம் சொன்னீர்கள். பொய். என் பிள்ளையின் நெஞ்சுச் சத்தத்துக்கு முகம் தெரியாதவர்கள் ஆடுகிறார்களே என்று வாய்விட்டு அழுதேன். பெயர்கூட வைக்காமல் அனுப்பிவிட்டோம், யாராவது ஆடினால் ஆடிவிட்டுப் போகட்டும் என்று பிறகு தோன்றியது.

கடைசிப் பாட்டிலும் அதே சத்தம்தான். ஆனால் ஓட்டம் வேறாக இருந்தது. கைக்கடிகாரத்தை வைத்து எண்ணினேன். நூற்று நாற்பத்தெட்டு இல்லை, தொண்ணூற்றாறு. மூன்று தடவை எண்ணினேன். அது அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எடுத்தது, இல்லையா? எனக்கு எட்டாம் மாதம். அன்று நீங்கள் வெகுநேரம் மைக்கை எடுக்கவே இல்லை. அப்புறம் ஹெட்போனைக் கழற்றி, "தூங்குதுடி, தொந்தரவு பண்ணாத" என்று சொல்லிவிட்டு, நசரத்பேட்டை கல்யாணத்துக்கு ஸ்பீக்கர் ஏற்றப் போய்விட்டீர்கள். மறுநாள் ஸ்கேனில் சத்தமே இல்லை.

ஆஸ்பத்திரியில் நீங்கள் ஒரு சொட்டுக்கூட அழவில்லை. கல் மனசு என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அந்த வாரமே கோவாவுக்குப் போனீர்கள். வேலைக்குத்தான் போனீர்கள் என்று இத்தனை நாளும் நினைத்தேன். அந்தத் தொண்ணூற்றாறைக் கேட்ட நீங்கள் ஏன் வீட்டுப் பக்கமே வரவில்லை என்று இப்போதுதான் புரிகிறது.

மாமா, யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அன்று காலையிலிருந்தே எனக்கு அசைவு குறைந்திருந்தது. பயமாக இருந்தது. நீங்கள் தூங்குகிறது என்றதும் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நானும் படுத்துவிட்டேன். இதை உள்ளே வைத்துக்கொண்டுதான் உங்களைக் கல் என்றேன்.

ஆல்பத்துக்கு என் அபிப்பிராயம் இவ்வளவுதான். கடைசிப் பாட்டை இனி எங்கேயும் போடாதீர்கள். அது ஆடுவதற்கு இல்லை. அந்த நூற்று நாற்பத்தெட்டு, மேலே எதுவும் சேர்க்காமல், உங்களிடம் இருக்கும். அதை அனுப்ப வேண்டாம், நீங்களே எடுத்து வாருங்கள். வீட்டில் ஒரு ஹெட்போன்தான் இருக்கிறது. ஆளுக்கு ஒரு காதாகக் கேட்கலாம்.

வெயிலில் தலையில் துண்டு போட்டுக்கொள்ளுங்கள். கடவுள் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
அன்று தூங்கிவிட்ட
உங்கள் அருள்மொழி